16 மடங்கு வேகத்தில் ஆட்டோபைலட் ஏன் தள்ளாடுகிறது?

கேள்வி, ஜூலை 6, மாலை 7.15 (கோபியிலிருந்து ஒரு தம்பி)

அண்ணா, கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டுகிற சிமுலேட்டரில் கோயம்புத்தூரிலிருந்து ஷார்ஜா போய்க்கொண்டிருந்தேன். கேரளக் கரையைத் தாண்டி அரபிக்கடல் மேலே 36,000 அடியில் நேர்கோட்டில் போகும்போது டைம் ஆக்சிலரேஷனை (சிமுலேட்டருக்குள் காலத்தை வேகமாக ஓட்டுகிற வசதி) 16 மடங்கு வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இறக்கை இடதும் வலதுமாகச் சாய ஆரம்பித்தது. ஒவ்வொரு சாய்வும் முந்தினதைவிடப் பெரிதாகி, கடைசியில் தலைகுப்புறக் கடலில். மூன்று முறை இதே கதை. 4 மடங்கில் வைத்தால் ஒன்றும் ஆவதில்லை. விமானத்தைத் தானே ஓட்டுகிற ஆட்டோபைலட் பழுதா, என் கம்ப்யூட்டர் பழுதா?

ஜூலை 6, இரவு 11.40

ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு ஓட்டிப் பார் தம்பி. பாதிப் பேருக்கு வியாதி அங்கேதான். எனக்கு ஒருமுறை விமானம் எப்போதும் வலது பக்கமே சாய்ந்துகொண்டிருந்தது, ஆட்டோபைலட் அதோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பஞ்சு. திருப்பூரில் பனியன் கம்பெனிக்கு அடுத்த வீட்டில் குடியிருந்தால் ஜாய்ஸ்டிக்குக்குள்ளும் பஞ்சுதான் இருக்கும். கான்டாக்ட் கிளீனர் அடித்தேன், சரியாகிவிட்டது. உனக்கும் அதுவாகத்தான் இருக்கும்.

ஜூலை 7, காலை 6.50

பிடுங்கியும் ஆடுகிறதாம். சரி, தப்பு என்னுடையது. 4 மடங்கில் வராமல் 16 மடங்கில்தான் வருகிறது என்று அவன் தெளிவாக எழுதியிருக்கிறான். ஜாய்ஸ்டிக் பழுதென்றால் 1 மடங்கிலேயே இழுக்கும். கேள்வியை முழுசாகப் படிக்காமல் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தம்பி, உனக்கு எஃப்.பி.எஸ். (திரையில் நொடிக்கு எத்தனை ஃபிரேம், அதாவது எத்தனை படம்) எவ்வளவு வருகிறது? பகலில் தரையில் நிற்கும்போது வருவது வேண்டாம், அந்த ஆட்டம் ஆடுகிற நேரத்தில் எவ்வளவு என்று பார்த்துச் சொல்.

ஜூலை 7, இரவு 10.30

அவன் பதில் சொல்வதற்குள் நான் நினைப்பதை எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளும்.

எங்கள் தோட்டத்துக்குக் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர். முறை வரும் நாளில் அப்பா மண்வெட்டியோடு மடை வாயிலேயே நிற்பார். பாத்தி நிறைகிற மாதிரி தெரிந்தால் ஒரு கொத்து மண் போடுவார், குறைந்தால் ஒரு கொத்து எடுப்பார். அவ்வளவுதான். நான் நிற்க வேண்டிய நாளில் டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு அரை மணிக்கு ஒருதரம் வந்து எட்டிப் பார்ப்பேன். வந்தால் பாத்தி குளமாகக் கிடக்கும். பதறிப்போய் முழுசாக அடைத்துவிட்டுப் போவேன். அடுத்த முறை வந்தால் காய்ந்து கிடக்கும், முழுசாக வெட்டிவிடுவேன். மண்வெட்டி அதே மண்வெட்டி, தண்ணீரும் அதே தண்ணீர். அப்பா அடிக்கடி பார்த்தார், நான் பார்க்கவில்லை.

ஆட்டோபைலட்டும் இப்படித்தான். அது எப்போதும் விமானத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பதில்லை. விட்டுவிட்டுப் பார்க்கிறது, ஒரு திருத்தம் வைக்கிறது, அடுத்த முறை பார்க்கும்வரை அந்தத் திருத்தம் அப்படியே நிற்கிறது. பல சிமுலேட்டர்களிலும், குறிப்பாகத் தனியாக வாங்கிப் போடுகிற விமானங்களிலும், ஆட்டோபைலட் கணக்கு திரையில் ஒரு ஃபிரேம் வரையும்போது ஒருமுறைதான் நடக்கும். நொடிக்கு 30 ஃபிரேம், 1 மடங்கு என்றால் இரண்டு பார்வைக்கு நடுவில் விமானத்துக்குக் கழிவது 0.03 நொடி. 16 மடங்கில் ஃபிரேம் அதே 30 தான், ஆனால் விமானத்துக்கு நடுவில் அரை நொடிக்கு மேல் ஓடிவிடுகிறது. ஆட்டோபைலட் டீக்கடைக்குப் போய்விட்டது.

இதில் ஒரு சந்தேகம் வரலாம். ஃப்ளைட்கியர் என்கிற சிமுலேட்டரில் விமானத்தின் இயக்கக் கணக்கு வழக்கமாக நொடிக்கு 120 முறை நடக்கும், ஃபிரேம் குறைந்தாலும் அது குறையாதே என்று யாராவது கேட்பார்கள். குறையாதுதான். 30 ஃபிரேமில் 16 மடங்கு என்றால் ஒரு ஃபிரேமுக்குள் விமானம் 64 சின்னச் சின்ன அடி எடுத்து வைக்கும். ஆனால் ஆட்டோபைலட்டுக்கு முறை ஃபிரேமுக்கு ஒன்றுதான் என்றால், அந்த 64 அடிக்கும் எய்லரான் (இறக்கை நுனியில் இருந்து விமானத்தைச் சாய்க்கிற தகடு) வைத்தது வைத்தபடி இருக்கும். விமானம் துல்லியமாகப் பறக்கும், துல்லியமாகத் தப்பான பக்கம் பறக்கும்.

ஜூலை 8, மதியம் 1.10

சாப்பாட்டு நேரத்தில் ஒரு எக்செல் ஷீட் போட்டுப் பார்த்தேன். விமானத்தை மறந்துவிடுங்கள், ஒரே ஒரு எண். திசை 10 டிகிரி தப்பி இருக்கிறது. எத்தனை டிகிரி தப்போ அதன் ஒன்றரை மடங்கை ஒரு நொடிக்குத் திருத்தும் வேகமாக வைத்தேன். நொடிக்கு 30 பார்வை.

1 மடங்கில் ஒவ்வொரு பார்வையிலும் தப்பு 5 சதவீதம் குறைகிறது, வழுக்கிக்கொண்டு பூஜ்யத்துக்கு வருகிறது. 8 மடங்கில் 40 சதவீதம் குறைகிறது. 16 மடங்கில் இரண்டே பார்வையில் கிட்டத்தட்ட நேராகிவிடுகிறது, பார்க்க 1 மடங்கைவிட நன்றாகவே இருக்கிறது! 32 மடங்கில் 10 இந்தப் பக்கம், 6 அந்தப் பக்கம், 3.6 இந்தப் பக்கம் என்று ஆடி ஆடி அடங்குகிறது. 64 மடங்கில் 10, அப்புறம் எதிர்ப்பக்கம் 22, அப்புறம் 48. முடிந்தது கதை.

எல்லை எங்கே என்றும் பார்த்தேன். இந்தக் கணக்கில் இரண்டு பார்வைக்கு நடுவே 1.33 நொடியைத் தாண்டினால் அடங்கவே அடங்காது. 30 ஃபிரேமில் அது 40 மடங்கில் வருகிறது, 15 ஃபிரேமில் 20 மடங்கிலேயே வந்துவிடுகிறது. அதாவது மடங்கு மட்டும் தெரிந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. மடங்கை எஃப்.பி.எஸ்.ஸால் வகுத்து வருகிற நொடிதான் கணக்கு. எனக்கு 16 மடங்கு நன்றாக ஓடுகிறது, உனக்கு ஏன் ஓடவில்லை என்று ஆளாளுக்குச் சண்டை போடுவதெல்லாம் இதனால்தான்.

நிஜ விமானம் என் ஷீட்டைவிட மோசம். எய்லரான் அசைந்து, இறக்கை சாய்ந்து, சாய்ந்த பிறகு மூக்கு திரும்பி, அப்புறம்தான் திசை மாறும். ஒவ்வொன்றும் ஒரு தாமதம். அதனால் ஆட்டம் இன்னும் சீக்கிரமே தொடங்கிவிடும்.

ஜூலை 8, இரவு 9.05

தம்பி சொல்லிவிட்டான், ஆடும்போது எஃப்.பி.எஸ். 22. வகுத்துப் பாருங்கள், 16 மடங்கில் 0.73 நொடி, 4 மடங்கில் 0.18 நொடி.

மேகத்தையும் நிழலையும் குறைத்துவிட்டு மறுபடி ஓட்டு தம்பி. கீழே இருப்பது கடல், அதற்கு எதற்கு நிழல்.

ஜூலை 9, இரவு 11.55

50 வருகிறதாம். அதே 16 மடங்கில் விமானம் லேசாக நெளிகிறதே தவிர விழவில்லை. 0.32 நொடி. கணக்கு பொய் சொல்லவில்லை என்று எனக்கே கொஞ்சம் ஆச்சரியம்.

ஜூலை 11, காலை 10 (சனிக்கிழமை, மின்வாரியப் பராமரிப்பு, மாலை வரை கரண்ட் இல்லை, போனில்தான் தட்டுகிறேன்)

இது எனக்கு எப்படிப் பிடிபட்டது என்று ஒருவர் கேட்டார். சிமுலேட்டரில் கற்றுக்கொண்டதில்லை. நான் சாயப்பட்டறையில் எலக்ட்ரிக்கல் பார்க்கிற ஆள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு சாஃப்ட் ஃப்ளோ மெஷினில் 60 டிகிரியில் நிற்க வேண்டிய சாயத் தண்ணீர் 55க்கும் 65க்கும் ஊஞ்சலாடியது. ஸ்டீம் வால்வு முழுசாகத் திறக்கும், முழுசாக மூடும். எங்கள் தொழிலில் இதற்கு ஹண்டிங் என்று பெயர். ஜெனரேட்டர் ஹண்டிங் அடிக்கும், ஸ்டெபிலைசர் ஹண்டிங் அடிக்கும், எல்லாம் ஒரே நோய்தான். நான் வால்வை மாற்றினேன், சென்சாரை மாற்றினேன். ஒன்றும் ஆகவில்லை, துணியில் ஷேடு வேறு மாறிப்போய் முதலாளி முகமும் மாறிப்போனது. கடைசியில் பழைய ஃபோர்மேன் ஒருவர் கன்ட்ரோலரைத் திறந்து, எத்தனை நொடிக்கு ஒருமுறை வெப்பத்தைப் பார்க்க வேண்டும் என்கிற அளவைக் காட்டினார். யாரோ அதைக் கூட்டி வைத்திருந்தார்கள். குறைத்ததும் ஆட்டம் நின்றது.

இந்தத் திருத்துகிற கணக்கைக் கப்பல் சுக்கானுக்காக முதலில் ஒழுங்காக எழுதி வைத்தவர் மினோர்ஸ்கி, 1922ல். கைதேர்ந்த மாலுமி சுக்கானை எப்படிப் பிடிக்கிறான் என்று பார்த்துத்தான் எழுதினார். தப்பு எவ்வளவு, எவ்வளவு நேரமாகத் தப்பு, எந்த வேகத்தில் தப்பு கூடுகிறது, இந்த மூன்றையும் அந்த மாலுமி மனதுக்குள் கூட்டிக்கொள்கிறான். எங்கள் டெம்பரேச்சர் கன்ட்ரோலரும் உங்கள் ஆட்டோபைலட்டும் இன்றைக்கும் அதையேதான் செய்கின்றன. பி.ஐ.டி. என்பது அதுதான்.

ஜூலை 11, இரவு 8.40

கரண்ட் வந்தது. காலையில் எழுதியதில் மூன்றாவதாகச் சொன்னதைப் பற்றி ஒரு மானக்கேட்டை ஒப்புக்கொள்ள வேண்டும்.

இரண்டு வருடம் முன்பு நானே ஒரு சின்ன ஆட்டோபைலட் ஸ்கிரிப்ட் எழுதினேன். 1 மடங்கில் தங்கம். 4 மடங்கில் பல்லைக் கடிப்பதுபோல நடுங்கியது, 0.1 நொடி இடைவெளிதான், என் கணக்குப்படி நடுங்கவே கூடாது. ஒரு வாரம் தலையைப் பிய்த்துக்கொண்டேன். விஷயம் இதுதான்: உயரம் எந்த வேகத்தில் மாறுகிறது என்பதைக் கண்டுபிடிக்க, முந்தின உயரத்துக்கும் இப்போதைய உயரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கழிந்த நேரத்தால் வகுக்கிறோம் இல்லையா, அந்த நேரத்தை நான் கம்ப்யூட்டர் கடிகாரத்தில் இருந்து எடுத்திருந்தேன். விமானம் 4 மடங்கு வேகமாக வாழ்கிறது, என் ஸ்கிரிப்ட் சுவர்க் கடிகாரத்தைப் பார்க்கிறது. நிமிடத்துக்கு 500 அடி ஏறுகிற விமானம் 2,000 அடி ஏறுகிற மாதிரி அதற்குத் தெரியும், பயந்துபோய் மூக்கை அழுத்தும். சிமுலேட்டருக்குள் ஓடுகிற நேரத்தை வைத்து வகுத்ததும் சரியாகிவிட்டது.

ஆகவே, குறைந்த மடங்கிலேயே, எஃப்.பி.எஸ். நன்றாக இருந்தும், வேகமான சின்ன நடுக்கம் வந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். அது நீங்கள் எழுதிய ஸ்கிரிப்ட் இல்லையென்றால் செய்தவருக்கு எழுதிக் கேட்பதைத் தவிர வழியில்லை.

ஜூலை 14, இரவு 10.15

தாராபுரத்திலிருந்து ஒரு ஐயா (ஓய்வு பெற்றவர், பேரன் வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டராம்) எழுதியிருக்கிறார். செஸ்னா 172 என்கிற சின்ன விமானம், ஹெடிங் (திசை) மட்டும்தான் ஆட்டோபைலட்டில், 8 மடங்கு. மூக்கு மூன்று நொடிக்கு ஒருமுறை மேலும் கீழும் போகிறது, எஃப்.பி.எஸ். 60. நான் போட்ட வகுத்தல் இங்கே பலிக்கவில்லையே என்று கேட்கிறார்.

ஐயா, நீங்க சொல்றது கோளாறே இல்லைங்க. உயரத்தைப் பிடித்து வைக்கிற ஆல்டிட்யூட் ஹோல்ட் போடாமல் விட்டால் எந்த விமானமும் உயரத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கும், வேகத்தைக் கொடுத்து உயரத்தை வாங்கும், மெதுவாக, ஊஞ்சல் மாதிரி. இதற்கு ஃபூகாய்டு என்று பெயர். லான்செஸ்டர் என்கிற ஆங்கிலேயர் 1908ல் புத்தகத்தில் வைத்த பெயர். பறத்தலைக் குறிக்கும் கிரேக்கச் சொல் என்று நினைத்து, தப்பித்து ஓடுதலைக் குறிக்கும் சொல்லை எடுத்து வைத்துவிட்டார், அதுவே நிலைத்துவிட்டது. இந்த ஊஞ்சலின் நேரம் விமானத்தின் வேகத்தைப் பொறுத்தது. நொடிக்கு எத்தனை மீட்டரோ அதை 0.45ஆல் பெருக்கினால் தோராயமாக வந்துவிடும். செஸ்னா 110 நாட் வேகத்தில் நொடிக்கு 56 மீட்டர் சொச்சம் போகும். ஊஞ்சல் சுமார் 25 நொடி. அதை 8 மடங்கில் பார்த்தால் மூன்று நொடி.

1 மடங்கில் இதே ஆட்டம் இருந்திருக்கும், மெதுவாக இருந்ததால் நீங்கள் கவனிக்கவில்லை. ஆல்டிட்யூட் ஹோல்ட் இருந்தால் போடுங்க, நின்றுவிடும்.

ஜூலை 15, காலை 7

ஃபூகாய்டு கதையால் ஒன்று தோன்றியது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நன்றாக ட்ரிம் செய்து (கையை எடுத்தாலும் விமானம் நேராகப் போகும்படி) வைத்து, ஆட்டோபைலட்டை அணைத்துவிட்டு, 16 மடங்கில் ஒரு நிமிடம் சும்மா விடுங்கள். விமானம் மெதுவாக ஒரு பக்கம் ஒதுங்கிப் போனால் அது இயல்பு, குற்றவாளி ஆட்டோபைலட்தான். ஆட்டோபைலட் இல்லாமலேயே வெடவெடவென்று நடுங்கினால் விமானத்தின் கணக்கே பெரிய பெரிய அடியாக நடக்கிறது என்று அர்த்தம், அங்கே நீங்கள் ஆட்டோபைலட்டில் எதைத் திருகியும் பயனில்லை.

அப்புறம் போனில் ஸ்டாப்வாட்ச் வைத்துக்கொள்ளுங்கள். 16 மடங்கு என்று போட்டால் ஒரு நிமிடத்தில் சிமுலேட்டர் கடிகாரம் 16 நிமிடம் ஓட வேண்டும். என் பழைய கம்ப்யூட்டரில் 9 நிமிடம்தான் ஓடியது! கேட்டது 16, கிடைத்தது 9, நான் அதை வைத்துக்கொண்டு எனக்கு 16 மடங்கு நிலையாக ஓடுகிறது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன். எக்ஸ்-பிளேன் என்கிற சிமுலேட்டரில் இன்னொரு விஷயம் உண்டு, ஃபிரேம் 20க்குக் கீழே போனால் கணக்கு கெட்டுப்போகாமலிருக்க அது காலத்தையே மெதுவாக்கிக்கொள்ளும்.

எக்ஸ்-பிளேனில் தரை வேகத்தை மட்டும் பெருக்குகிற வசதியும் இருக்கிறது. அது டைம் ஆக்சிலரேஷன் அல்ல. விமானம் காற்றில் சாதாரணமாகத்தான் பறக்கும், கீழே பூமி மட்டும் வேகமாக ஓடும். இதில் இறக்கை ஆட்டம் வராது, ஆனால் திருப்பத்தில் பாதையைப் பிடிக்காமல் வெகுதூரம் தள்ளிப்போகும்.

ஜூலை 19, இரவு 11.30

திருப்பம் என்றதும் தம்பி புதுப் புகார் கொண்டுவந்துவிட்டான். நேர்கோட்டில் இப்போது நன்றாகப் போகிறது, வேபாயின்ட் (பாதையில் திரும்ப வேண்டிய புள்ளி) வரும்போது மட்டும் தாண்டிப் போய்ப் பாம்பு மாதிரி நெளிந்து திரும்ப வருகிறது.

450 நாட் வேகத்தில் 25 டிகிரி சாய்த்துத் திரும்பினால் வட்டத்தின் ஆரம் கிட்டத்தட்ட 11.7 கிலோமீட்டர். சித்ராவில் ஏர்போர்ட் முன்னால் திரும்பத் தொடங்கினால் காந்திபுரத்தைத் தாண்டியும் திரும்பி முடிக்காது. 90 டிகிரி திரும்ப 79 நொடி. 16 மடங்கில் அது 5 நொடிக்குள். எப்போது திரும்பத் தொடங்க வேண்டும் என்று கணக்கிடுகிற பகுதி சில விமானங்களில் நொடிக்கு ஒருமுறை மட்டுமே விழிக்கும். சுவர்க் கடிகார நொடி என்றால் அதற்குள் விமானம் 2 கடல் மைல் போயிருக்கும்.

இதற்கு மருந்து கிடையாது, 2 மடங்குக்கு இறக்கிவிட்டுத் திரும்பு. எஃப்.எஸ்.எக்ஸில் (மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் எக்ஸ்) ஆர் எழுத்தைத் தட்டிவிட்டுக் கழித்தல் குறி, ஒவ்வொரு தட்டுக்கும் பாதியாகும்.

நிஜ வானிலையை இணையத்தில் இருந்து இழுக்கிறவர்களுக்கும் இதே இடத்தில் ஒரு அடி விழும். காற்று படிப்படியாக மாறாமல் ஒரே அடியாக மாறினால், ஆட்டோபைலட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உதறும். வேகமாக ஓட்டுகிற நேரத்தில் காற்றை நிலையாக வைத்துவிடுங்கள்.

ஜூலை 26, மாலை 5

கெயினைக் (தப்புக்கு எத்தனை மடங்கு திருத்தம் என்கிற எண், என் ஷீட்டில் ஒன்றரை) குறைத்தால் என்ன என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். குறைக்கலாம். ஃப்ளைட்கியரில் ஆட்டோபைலட் எண்கள் திறந்த கோப்பில் இருக்கும், எஃப்.எஸ்.எக்ஸில் விமானத்தின் கான்ஃபிக் கோப்பில் ஆட்டோபைலட் என்றே ஒரு பகுதி இருக்கும். முதலில் நகல் எடுத்து வையுங்கள். என் ஷீட்டில் ஒன்றரையை முக்கால் ஆக்கினால் எல்லை 1.33 நொடியிலிருந்து 2.67 நொடிக்குப் போகிறது.

நானும் செய்து பார்த்தேன். கடல் மேலே 16 மடங்கில் கம்பி மாதிரி போனது. சந்தோஷத்தில் மறந்துவிட்டு, அதே எண்களோடு கோயம்புத்தூரில் 23ஆம் ஓடுதளத்துக்கு இறங்க வந்தேன். வெளியே ஆடிக் காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்றை நானே சிமுலேட்டரிலும் வைத்திருந்தேன். சோம்பேறி ஆட்டோபைலட் ஓடுதள நேர்கோட்டுக்கு வருவதற்குள் ஓடுதளம் வந்துவிட்டது. பழைய எண்களைத் திரும்பப் போட்டுவிட்டேன். 16 மடங்குக்கு ஒன்று, 1 மடங்குக்கு ஒன்று என்று இரண்டு கோப்பு வைத்து மாற்றுகிற பொறுமை உங்களுக்கு இருந்தால் செய்யுங்கள், எனக்கு இல்லை. நான் எஃப்.பி.எஸ்.ஸைக் கூட்டி 8 மடங்கோடு நிறுத்திக்கொள்கிறேன்.

வீட்டில் ஒரு கருத்து, அதையும் பதிவு செய்கிறேன்: "ஏனுங்க, ஏரோப்ளேன வேகமா ஓட்டறது இருக்கட்டும், மோட்டார் போட்டு ஒரு மணி நேரமாச்சு, டேங்க் நெறஞ்சு ரோட்டுல ஓடுது." போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஓடிக்கொண்டுதான் இருந்தது.

ஆகஸ்ட் 3, இரவு 9.20

ஆடிப்பெருக்கு லீவில் தம்பி ஷார்ஜாவில் இறங்கிவிட்டான். படம் போட்டிருக்கிறான், ஓடுதளத்துக்குக் கொஞ்சம் இடது பக்கமாக நிற்கிறது, பரவாயில்லை. 8 மடங்கில் கடல், திருப்பத்தில் 2, இறங்கும்போது 1.

தாராபுரத்து ஐயாவுக்கு ஆல்டிட்யூட் ஹோல்ட் போட்டதும் மேல் கீழ் ஆட்டம் நின்றுவிட்டதாம். ஆனால் விமானம் 1 மடங்கிலும் இடது பக்கமே இழுக்கிறது என்று இன்றைக்கு எழுதியிருக்கிறார்.

ஐயா, ஜாய்ஸ்டிக்கைப் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஓட்டிப் பாருங்க.